நிழல் அளந்த நூல்

கோர்னா ரெகா,
ஏப்ரல் 9, 2023

அன்புள்ள தெமெனுகா,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். எரிச்சல் வந்தாலும் நீ எதையும் கடைசிவரை படிக்கிறவள், அது எனக்குத் தெரியும்.

நகராட்சி அலுவலகத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுது முடித்துவிட்டேன், நீ ஆறுதல் சொல்ல வேண்டாம். குளிர்காலம் முழுக்க இணையத்தில் பாடம் பார்த்துப் பார்த்து உன் தொழிலைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் வெளியிலிருந்து படமாகக் காட்டுகிற அந்தத் தொழில்தான். அக்காவுக்கு நாற்பத்துமூன்று வயதில் இது தேவையா என்று நீ கேட்கலாம். வேறு எதுவும் கிடைக்கவில்லை, அதுதான் பதில்.

முதல் வேலை வந்திருக்கிறது. நம் ஊர் ஓரத்தில் ஒரு சரிவு மனை. வரைபடம் டவுனில் ஒரு கட்டடக்கலைஞர் போட்டது. வீட்டுக்காரருக்கு வரைபடம் புரியவில்லை. "கோடு கோடா இருக்கு, வீடு எங்க இருக்கு?" என்று கேட்கிறார். அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் அவருக்கு வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். கொஞ்சம் முரட்டு ஆள். பிடிக்காவிட்டால் வேலையையே நிறுத்திவிடுவார். பிடித்துவிட்டால் எனக்கு இது பிழைப்பாகவே ஆகிவிடும்.

படத்தை இணைத்திருக்கிறேன். நீ வலென்சியாவில் கடலோர பங்களாக்களுக்குப் படம் போடுகிறவள். என் படத்தைப் பார்த்து என்ன தப்பு என்று சொல். அக்கா என்று பார்க்காதே, தாட்சண்யம் பார்க்காதே.

அப்பா இருக்கிறார். நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். உன் பேரை அவரும் எடுப்பதில்லை. ஆறு வருஷமாகிறது, இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

உன் அக்கா,
ருமியானா


வலென்சியா,
ஏப்ரல் 11

அக்கா,

படத்தைத் திறந்ததும் "ஐயோ" என்று கத்திவிட்டேன். அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்கள். இல்லை, என் அக்கா ரோடோப் மலையில் பேரீச்சை மரம் நட்டிருக்கிறாள் என்றேன்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மரத்தையெல்லாம் ஒட்டக்கூடாது. பேரீச்சையை முதலில் வெட்டிப் போடு. அந்த ஓடுகிற பெண்ணையும், காகிதக் கோப்பையில் காபி வைத்திருக்கிற கனவானையும் வெளியே அனுப்பு. நம் மலையில் எவன் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான்? அந்த ஊர் ஆள் யாரையாவது போட்டோ எடுத்து வெட்டி வை. ஆள் நின்றால்தான் கதவு எத்தனை உயரம், சுவர் எத்தனை உயரம் என்று பார்ப்பவனுக்குத் தெரியும்.

உன் சூரியன் வடக்கே நிற்கிறது. நம் ஊரில் அது என்றைக்காவது வடக்கே போயிருக்கிறதா? உச்சி வெயில் வைத்திருக்கிறாய், அதனால் சுவரெல்லாம் மாவு பூசியதுபோல் தட்டையாக இருக்கிறது. மாலை வெயிலாக மாற்று, பக்கவாட்டில் அடிக்கட்டும். கூரைக்கு அடியில் நிழல் விழுந்தாலே பாதி வீடு உயிரோடு வந்துவிடும். இதை முதலில் செய், மற்றதை அப்புறம் செய். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த உட்கார்ந்தால் ஒன்றும் உருப்படாது.

கேமராவை ஏன் அவ்வளவு மேலே வைத்தாய்? கழுகா வீடு வாங்க வருகிறது? மனுஷன் கண் உயரத்துக்கு இறக்கு. கூரைக் கற்பலகை ஒவ்வொன்றும் கதவு அளவுக்கு இருக்கிறது, அதைச் சின்னதாக்கு. சுவர் தரையைத் தொடுகிற இடத்தில் கொஞ்சம் புல், கொஞ்சம் மண், நான்கு கல் போடு. இப்போது வீடு தரையில் உட்காரவில்லை, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது.

நல்லதையும் சொல்கிறேன். மேல்மாடி சுவரைத் தாண்டி முன்னால் தள்ளி நிற்கிறதே, அந்த அளவு கச்சிதம். அதை வரைபடத்திலிருந்து எடுத்திருந்தாலும், எந்தக் கோணத்தில் காட்ட வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

கடைசியாக, இது படத்தின் குறை இல்லை, வீட்டின் குறை. தெற்கே பள்ளத்தாக்கு என்று வரைபடத்தில் எழுதியிருக்கிறது. அங்கே போய்க் கழிவறை ஜன்னல் மாதிரி ஒரு பொந்து வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் குடியிருக்கப் போவது யார், ஜெயில் கைதியா?

தெமெனுகா


கோர்னா ரெகா,
ஏப்ரல் 19

தெமெ,

உன் கடிதத்தை வீட்டுக்காரருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கைதி என்ற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். சரி, என் பிழைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் வந்து, "அந்தப் பக்கம் சுவர் பூரா ஜன்னல் வைக்கச் சொல்லு" என்றார். கட்டடக்கலைஞருக்குப் போன் போய், வரைபடமே மாறிவிட்டது. உன் வாய்க்கு அவ்வளவு மரியாதை.

ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட்ட கையோடு உட்கார்ந்து படத்தையும் திருத்தினேன். விசைப்பலகையில் இன்னும் சிவப்புக் கறை இருக்கிறது. பேரீச்சை போயிற்று, ஊசியிலை மரம் வந்தது. கேமரா இறங்கியது. கூரைப் பலகையைச் சின்னதாக்கினேன், ஆனால் இப்போது மீன் செதில் மாதிரி ஆகிவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஆள் வேண்டும் என்றாய். நம் ஊரில் நான் சொன்னால் அசையாமல் நிற்கிற ஒரே ஆள் அப்பாதான். பஸ் ஓட்டின காலத்து நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "எதுக்குடி என்ன வெட்டி ஒட்டுற? உசுரோட இருக்கிறவன வெட்டி ஒட்டுவாங்களா?" என்று முனகினார். ஆனாலும் தலையை வாரிக்கொண்டுதான் வந்தார்.

பின்னணிக்கு நிஜ மனையை வைக்கவில்லை. ஒரு பொது மலையை வைத்திருக்கிறேன். மனையில் இப்போது ஒரே மண் குவியலாகக் கிடக்கிறது, படத்துக்கு நன்றாக வராது.

ருமியானா


வலென்சியா,
ஏப்ரல் 22

அக்கா,

நல்ல முன்னேற்றம். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். கூரைக்கு அடியில் விழுகிற நிழலைப் பார்த்ததும் அந்த வாசல் திண்டில் உட்காரலாம் போலிருந்தது. மீன் செதில்தான், ஆனால் அது பெரிய பாவம் இல்லை. பலகைகளில் பத்துக்கு ஒன்றைக் கொஞ்சம் கோணலாக வை, சரியாகிவிடும்.

அப்பாவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷம் கழித்து ஒருத்தரை இப்படியா பார்ப்பது, வாடிக்கையாளர் வீட்டு முற்றத்தில்? முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம். அவர் இளைத்துவிட்டாரா, இல்லை நீ படத்தை மேல்கீழாக இழுத்துவிட்டாயா? இழுத்திருந்தால் சரி செய்.

அவருக்கு நிழலே இல்லை அக்கா. வீட்டுக்கு நிழல் விழுகிறது, மரத்துக்கு விழுகிறது, அவர் மட்டும் வெறுங்காலில் காற்றில் நிற்கிறார். படம் போடுகிற நிரலில் ஊரையும் தேதியையும் கொடுத்தால் சூரியன் தானாக வந்துவிடும்தான். ஆனால் வரைபடத்தில் வடக்கு எது என்று உனக்கே குழப்பம், மனையும் சரிவு. அதனால் சுலபமான வழி சொல்கிறேன். மனைக்கே போ. மாலையில் ஒருவரை நிறுத்தி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம் என்று அளந்துகொள். அதே அளவு படத்தில் வருகிறவரை சூரியனை நகர்த்து. எல்லாரும் செய்வதுதான்.

பொது மலையை எடுத்துவிடு. பொய் மலை பார்த்த உடனே தெரிந்துவிடும். மண் குவியலாக இருந்தாலும் பரவாயில்லை, அளக்கிற அன்றே சுற்றிவர போட்டோ எடுத்து வை.

தெமெனுகா


கோர்னா ரெகா,
மே 2

தெமெ,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

படத்தை நான் இழுக்கவில்லை. அப்பா இளைத்துத்தான் போயிருக்கிறார். இதயம் சரியில்லை, கால் வீங்குகிறது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அதை விடு, நான் சொல்ல வந்தது வேறு.

போன வாரம் மனைக்குப் போனேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கம்பி கட்டி, மறுநாள் கான்கிரீட் ஊற்றத் தயாராக வைத்திருந்தார்கள். அப்பா எப்போதும்போல வேடிக்கை பார்க்க அங்கேதான் இருந்தார். அளவு நாடாவை மறந்துவிட்டேன். ஹரலாம்பி மேஸ்திரியின் நூல்கண்டு, சுவருக்கு நேர் பிடிக்கிற சிவப்பு நூல், கல்மேல் கிடந்தது. அப்பாவைப் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தி, காலடியிலிருந்து தலை நிழல் வரைக்கும் நூலைப் பிடித்து, அறுத்துவிட்டேன்.

அப்போதுதான் பின்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரியின் கையிலிருந்த கரணை விழுந்திருக்கிறது. மனுஷனுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ற? அஸ்திவாரத்துல நின்னு பெத்த அப்பன் நிழலயா நூல் போட்டு அளக்குற?"

எனக்கு உயிரே போய்விட்டது தெமெ. நினைவிருக்கிறதா, சின்ன வயதில் கட்டட வேலை நடக்கிற பக்கம் போனால் அம்மா நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாளே? மனுஷன் நிழலை அளந்து அந்த நூலை அஸ்திவாரத்தில் வைத்துவிட்டால் வீடு அசையாது, நிழலுக்குச் சொந்தக்காரன் நாற்பது நாளில் போய்ச் சேர்ந்துவிடுவான், அப்புறம் அந்த வீட்டையே காவல் காத்துக்கொண்டு திரிவான் என்று சொல்வார்களே? நான் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. சூரியன், சாய்வு, நிரல், இதுதான் மண்டையில் இருந்தது. நீயும் யோசிக்கவில்லை.

அப்பா மட்டும் சிரித்தார். "அளக்கட்டும் விடுய்யா, படத்துக்குத்தானே" என்றார். நான் அளவைக் குறித்துக்கொண்டு போட்டோ எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் நூல் இல்லை. காற்றில் போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் கான்கிரீட் ஊற்றி முடித்த பிறகு மேஸ்திரி வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார், நூல் உள்ளே கிடந்ததை வேலையாள் ஒருவன் பார்த்தானாம், அதற்குள் மூடிவிட்டதாம்.

அன்றைக்குச் சாயந்திரம் அப்பா படுத்தவர்தான். எழுந்திருக்கவில்லை. மாத்திரையை நீட்டினால், "அதான் முடிஞ்சு போச்சே, இது யாருக்கு?" என்கிறார். ஆஸ்பத்திரி என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, மாத்திரை இல்லாமல் இவர் ரொம்ப நாள் தாங்க மாட்டார் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஸ்லாவ்கா வேகவைத்த கோதுமை கொண்டுவந்துவிட்டாள். செத்தவர்களுக்கு வைக்கிற கோதுமை! உயிரோடு இருக்கிறவர் வீட்டுக்கு! நான் வாசலிலேயே கத்தினேன். அப்பா உள்ளேயிருந்து அதை வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்றார்.

நான் என்ன செய்யட்டும்?

ருமியானா


வலென்சியா,
மே 3

அக்கா,

நான்கு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

முதலில் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். கரணை விழுந்த இடம் வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கோதுமை வந்த இடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் நீங்களெல்லாம்? ஒரு நூல், ஒரு முழ நூல், அதற்காக ஒரு மனுஷன் மாத்திரையை நிறுத்துவானா? அவரைக் கொல்லப்போவது நூல் இல்லை, மாத்திரையை நிறுத்தியதுதான். இதை அவர் காதில் போய்க் கத்து.

"நீயும் யோசிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அளக்கச் சொன்னது நான். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, எல்லாரும் செய்வதுதான் என்று எழுதினேன். இங்கே எல்லாரும் செய்வார்கள். அங்கே அஸ்திவாரப் பள்ளத்துக்குப் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை, மறந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கே என்மேல் பயமாக இருக்கிறது.

சரி. அவர் நம்புகிறார் என்றால் அவர் நம்புகிற வழியிலேயே போவோம். அன்று எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சுருக்காமல், அசல் அளவில் அனுப்பு. நூல் எந்த மூலையில் விழுந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த மூலையை மட்டும் உடைத்து எடுத்துவிடலாம். வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன். முரடன் என்றாலும் மனுஷன்தானே, ஒரு உயிருக்காக ஒரு மூலையை விட்டுக்கொடுக்க மாட்டானா?

தெமெ


வலென்சியா,
மே 4

அக்கா,

படங்கள் வந்தன. ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பியிருக்கிறாய். ஏன் என்று இப்போது புரிகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இதை நீ மறந்திருக்க மாட்டாய்.

பதினோராவது படம். தென்கிழக்கு மூலை. நூல் அங்கே இருக்கிறது. ஆனால் அது விழுந்த நூல் இல்லை. கம்பியைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகியிருக்கிறது. காற்று முடிச்சுப் போடுமா? யாரோ குனிந்து, நிதானமாக, வேண்டுமென்றே கட்டியிருக்கிறார்கள். அப்பாவைக் கொல்ல நினைத்தது யார்?

அதோடு முடியவில்லை. அதே படத்தில் பின்னால் இரட்டை அடிமரத்து வால்நட் நிற்கிறது. அதற்குக் கீழே கல் தொட்டி. அந்தத் தொட்டி விளிம்பில் என் முன்பல்லை உடைத்துக்கொண்டேன். அம்மா எனக்கு எழுதிவைத்த நிலம் அது. என் பேரில் இருக்கிற நிலம்! அதனால்தானே பேரீச்சை மரமும் பொய் மலையும் வைத்து என்னை ஏமாற்றினாய்?

அப்பாவோடு சண்டை போட்டு, நான் அந்த ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று அம்மாவின் முதல் வருஷத் திவசத்தில் சொன்னேன். நிலத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். அதற்காக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எவனுக்கோ விற்றுவிட்டு, அவன் கட்டுகிற வீட்டுக்கு என்னையே திருத்தம் சொல்ல வைப்பாயா? அப்பாவின் நிழலையும் அவன் எடுத்துக் கம்பியில் கட்டுவானா?

யார் அந்த வீட்டுக்காரன்? பெயரை எழுது. பெயர் மட்டும் போதும்.


கோர்னா ரெகா,
மே 6

தெமெ,

பெயர் வெல்கோ. நம் அப்பா.

இதை எழுத எனக்கு அனுமதி இல்லை. இன்று கெர்கியோவ்தென் திருநாள், ஊரெல்லாம் ஆட்டுக்கறி மணக்கிறது. நம் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. இன்றைக்காவது பொய் சொல்லாமல் இருக்கிறேன்.

வீடு உனக்கு. வேறு யாருக்கும் இல்லை. ஓய்வு பெற்றதிலிருந்து அதற்காகத்தான் சேர்த்துக்கொண்டிருந்தார். போன இலையுதிர் காலத்தில் டாக்டர் இதயத்தைப் பற்றிச் சொன்ன பிறகு ஒரே அவசரம். "இந்த வீட்டுக்கு அவ வரமாட்டா, என் மூஞ்சில முழிக்கணுமே. தனியா ஒரு வீடு இருந்தா வருவா" என்றார். உன்னிடம் சொல்லலாம் என்றேன். "சொன்னா வேணாம்பா. கட்டி முடிச்சுட்டா வேணாம்னு சொல்ல முடியாது" என்றார்.

படம் போடுகிற யோசனை என்னுடையது. உனக்கு எப்படிப்பட்ட வீடு பிடிக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஆறு வருஷத்தில் நீ என்னவெல்லாம் மாறியிருப்பாயோ. நேராகக் கேட்க முடியாது. தப்பு கண்டுபிடி என்று சொன்னால் மட்டும் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய். எனக்கு வேலை போனது நிஜம், கற்றுக்கொள்வதும் நிஜம். ஆனால் நீ படத்துக்குச் சொன்ன ஒவ்வொரு திருத்தத்தையும் அவர் வீட்டுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். கைதி என்று எழுதினாயே, அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் தெற்குச் சுவர் முழுக்க ஜன்னல். அந்தத் திண்டில் உட்காரலாம் போலிருக்கிறது என்று எழுதினாய். அதை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். திண்டை இன்னும் ஒரு முழம் அகலமாக்கச் சொல்லிவிட்டார்.

நூலைக் கட்டியதும் அவர்தான்.

அது எனக்கு உன் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று கேட்டேன். மறைக்கவில்லை. அந்தச் சரிவில் பள்ளம் இரண்டு தடவை மழையில் சரிந்தது. வீடு நிற்க ஒரு சேவல் அறுக்கலாம் என்றார் மேஸ்திரி. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நான் நூலை அறுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினதும் எடுத்துக் கட்டிவிட்டாராம். "சேவல வச்சா சேவல் அளவுக்குத்தான் நிக்கும்" என்கிறார். "நான் எப்படியும் போறவன். சும்மா போறதுக்குப் பதிலா அவ வீட்டுக்குக் காவலாவது இருப்பேன்ல? உசுரோட இருக்கிற வரைக்கும் என்ன வாசல்ல விடமாட்டா. செத்தா என்னைய யாரு வெளிய அனுப்புறது?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன் தெமெ. ஒரு மனுஷன் இப்படியும் யோசிப்பானா? முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர், ஒரு தடவை பிரேக் போக, அத்தனை பேரையும் உயிரோடு இறக்கிவிட்டவர், தன்னைக் கொண்டுபோய்க் கம்பியில் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறார்.

மாத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது. கெஞ்சினேன், மிரட்டினேன், உன் பேரைச் சொல்லிக்கூடப் பார்த்தேன். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

ருமியானா


வலென்சியா,
மே 7

அக்கா,

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய், செருப்போடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேனாம். கூட வேலை செய்கிறவள் வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் யாரோ ஒருத்தன் வீட்டைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்டுச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். அதை நினைத்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் நினைக்கவில்லை. வேலையைப் பார்க்கிறேன்.

உன் கடைசிப் படத்தைப் பார்த்தேன். வெயில் சரி, நிழல் சரி, மலை சரி, வீடு தரையில் உட்கார்ந்துவிட்டது. நீ இதை வைத்துப் பிழைத்துக்கொள்வாய், தைரியமாக அடுத்த ஆளிடம் போ. படத்தில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டில்தான் ஒரு குறை இருக்கிறது. அஸ்திவாரத்துக்குள் என் அப்பா இருக்கிறார். அவரை உள்ளே வைத்துக்கொண்டு நான் அங்கே தூங்க முடியாது.

நிலம் என் பேரில் இருக்கிறது, இல்லையா? அதனால் வீடும் என்னுடையது. உனக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்து இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு ஹரலாம்பிக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை காலையில் உடைக்கிற இயந்திரத்தை மனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மூலையை மட்டும் இல்லை. முழு அஸ்திவாரத்தையும்.

"புதுக் கான்கிரீட்டயா? பைத்தியமா உனக்கு?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே மண்ட" என்று சொல்லிவிட்டு, சரி வருகிறேன் என்றார்.

இதை அப்பாவிடம் வார்த்தைக்கு வார்த்தை சொல். அவர் கட்டுகிற வீட்டை நான் இடிக்கப்போகிறேன். ஜன்னல், திண்டு, ஒன்றும் வேண்டாம். வேண்டும் என்று அவர் நினைத்தால் படுக்கையிலிருந்து சொல்லக் கூடாது. உன் மூலமாகச் சொல்லக் கூடாது. எழுந்து, நடந்து, மனைக்கு வந்து, அந்த இயந்திரத்துக்கு முன்னால் நின்று, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் அங்கே இருப்பேன். புதன்கிழமை சோஃபியாவில் இறங்குகிறேன்.

செத்துப்போய் வாசலில் நிற்கிற அப்பா எனக்கு வேண்டாம். சண்டை போடுகிற அப்பா வேண்டும். அதையும் சொல்லு. இல்லை, அதைச் சொல்லாதே.

தெமெனுகா


கோர்னா ரெகா,
மே 8

தெமெ,

வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். நீ வேண்டாம் என்று சொன்ன கடைசி இரண்டு வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

முதலில் நம்பவில்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். காதில் வைத்துக் கேட்டார். போனைக் கீழே வைத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்தே போனேன், இப்போதே இதயம் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

"இடிக்கிறாளா? என் வீட்ட இடிக்க அவ யாரு?"

"அவ வீடுப்பா."

"அவ வீடுன்னா? கம்பி கட்டுனது யாரு? கல்லு எடுத்துக் குடுத்தது யாரு? ஆறு வருஷம் எட்டிப் பாக்கல, இப்ப இடிக்க மட்டும் பிளேன் புடிச்சு வர்றாளாமா?"

கத்திக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டார் தெமெ. எட்டு நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்! நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வாயைத் திறந்தால் மறுபடி படுத்துவிடுவாரோ என்று மூச்சுகூட விடவில்லை.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த மாத்திரைய எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

"விட்டதெல்லாம் சேத்துக் குடு. வியாழக்கிழமைக்குள்ள தெம்பு வரணும்."

"சேத்துக் குடுக்கக் கூடாதுப்பா. டாக்டரம்மாவக் கூப்புடுறேன்."

"கூப்புடு. ஊசி போடணும்னா போடச் சொல்லு. அவள எதுத்து நின்னு நாலு வார்த்த கேக்காம நான் சாகப்போறதில்ல."

டாக்டரம்மா வந்துவிட்டுப் போனாள். நாளை ஸ்மோலியன் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருக்க அப்பா ஒத்துக்கொண்டார், புதன்கிழமை ராத்திரிக்குள் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஸ்லாவ்கா விஷயம் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் நல்ல திட்டு விழுந்தது.

இதை எழுதும்போது அடுப்படியில் பூட்ஸைத் தேடி எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டிருக்கிறார். உன்னைத் திட்டிக்கொண்டே தேடுகிறார். ஆறு வருஷத்தில் இந்த வீட்டில் உன் பேர் இத்தனை தடவை கேட்டதில்லை.

நீ வா. சீக்கிரம் வா. ஆனால் மனசு இரங்கி அந்த இயந்திரத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

அக்கா